எந்த வருஷத்துப் பண்பாடு?

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழா மேடையில் ஒருவர், "உடம்பை மூடி நடப்பதுதான் நம் ஆயிரம் வருஷத்துப் பண்பாடு. துப்பட்டா போடாத பெண்பிள்ளைகள் அதைக் குலைக்கிறார்கள்" என்று பேசினார். கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை, பதில் சொல்லவும் தெரியவில்லை. மார்பை மூடினால் வரி போட்டார்கள் என்கிற முலைவரிக் கதையைச் சொல்லியிருக்கலாமோ?
- வாசகி ஒருவர், களியக்காவிளை

பதில்: அவர் மேடையை விட்டு இறங்கியதும் "எந்த வருஷத்துப் பண்பாடு அண்ணே?" என்று மட்டும் கேட்டிருக்கலாம்.

உங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் பண்பாடு தலைகீழாகத்தான் நின்றது. 1829 பிப்ரவரியில் வந்த அரச விளம்பரம், அதாவது அரசாணை, நாடார் பெண்கள் தோள்சீலை என்கிற மேல்துணியைப் போடக் கூடாது என்றது. உடம்பை மூடியவள்தான் அன்று ஊர் வழக்கத்தைக் கெடுத்தவள். சந்தைக்குப் போன பெண்களின் மேல்துணியைப் பிடித்து இழுத்தவர்கள் யாரும் தங்களைப் பொறுக்கிகளாக நினைத்துக்கொள்ளவில்லை. வழக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தார்கள். உங்கள் மேடைப் பேச்சாளரும் அதைத்தானே செய்கிறார்?

இதில் பலரும் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. அந்தச் சண்டை வெறும் 'மூடலாமா, கூடாதா' என்பதல்ல. 1810-களிலேயே திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார். சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளை முஸ்லிம் பெண்களும் போடுகிற தொளதொளச் சட்டை அது. உடம்பை மூட அது தாராளமாகப் போதும். ஆனால் நம் பெண்கள் அதன்மேல் தோளில் ஒரு துணியையும் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அந்தத் தோள்துணி மேல்சாதிப் பெண்களின் அடையாளம். 1822-இல் கல்குளம் பக்கம் அடிதடி தொடங்கியது அதனால்தான். பெயரைப் பாருங்கள்: தோள்சீலைப் போராட்டம். ரவிக்கைப் போராட்டம் என்று யாரும் சொல்வதில்லை.

1858 கடைசியில் கலவரம் மறுபடி மூண்டது. ஜெபக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவிலியன் நெருக்கிய பிறகு, உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26-ஆம் தேதி புது விளம்பரம் போட்டார். அதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம். முக்குவத்திகளை, அதாவது மீனவப் பெண்களை, போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுவதைப் போல மட்டும் போடக் கூடாது. துணி முரடாக இருந்தால் சரி, தோளில் விழுகிற விதம் மாறினால் குற்றம்! மானம், நாணம் என்று ஒரு வார்த்தைக்காவது அதில் வேலை இருக்கிறதா? அந்தத் தடையும் விலக இன்னும் சில வருஷம் ஆயிற்று.

சரி, மேல்சாதிப் பெண்கள் மட்டும் எப்போதும் மூடிக்கொண்டா இருந்தார்கள்? நாயர் பெண் நம்பூதிரி முன்னாலும் தெய்வத்தின் முன்னாலும் மேல்துணியை எடுத்தாக வேண்டும். தன்னைவிடப் பெரியவர் முன் மார்பைத் திறப்பது மரியாதை. இதில் ஆண், பெண் பேதம் இல்லை. நாடார் ஆண் முட்டுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பெண் இடுப்பில் குடம் வைக்கக் கூடாது. எல்லாம் ஒரே கணக்கில் வந்தவை. அந்தக் கணக்கின் மிச்சம்தான் இன்றும் சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நுழைவது. அங்கே வெறும் மார்போடு நிற்கிற எந்த அண்ணாச்சியிடமும் பண்பாடு கெட்டுவிட்டது என்று நாம் சொல்வதில்லையே.

அப்புறம், முலைவரி. வேண்டாம், அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வரி கேட்டு வந்தவர்களிடம் தன் மார்பையே அறுத்துக் கொடுத்தாள் என்கிற சேர்த்தலை நங்கேலியின் கதை வாய்வழியாக வந்தது; மக்கள் மனத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் முலக்கரம் என்கிற முலைவரி, ஆணுக்குத் தலக்கரம் இருந்த மாதிரி பெண் தலைக்கு விழுந்த வரி. மூடினால் வரி, அளந்து பார்த்து வரி என்பதெல்லாம் பிற்பாடு கதையில் ஏறியவை. நீங்கள் அதைச் சொன்ன உடனே எதிராளி அந்த ஓட்டையில் விரலை விட்டுக் கிழிப்பார். விளம்பரங்களில் அச்சாகக் கிடக்கிற உண்மையும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

மிஷனரிகள்தான் நமக்கு நாணத்தைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று இன்னொரு கட்சி கிளம்பும். பாதி சரி. அவர்களுக்குத் திறந்த மார்பு என்றாலே பாவம். அந்தக் கண்ணாடியைத்தான் நாமும் இன்று மாட்டிக்கொண்டு ஆயிரம் வருஷத்தைப் பார்க்கிறோம். ஆனால் அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் மிஷனரி அல்லவே! சாமித்தோப்பில் ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னவர், பெண்களைத் தோள்சீலை போடச் சொன்னார். அவர் பேசியது தலைநிமிர்வைப் பற்றி.

ரவிக்கையே ஒரு காலத்தில் ஒழுக்கக்கேடாக இருந்தது என்றால் உங்கள் ஊரில் நம்புவார்களா? திருக்கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி) முதலமைச்சராக இருந்த சி. கேசவன், தம் குடும்பத்துப் பெண் ஒருவர் ரவிக்கை போட்டதற்காகத் தன்னைப் பெற்ற தாயிடமே வசை வாங்கியதை எழுதியிருக்கிறார். அடங்கின பெண் அதைப் போட மாட்டாள் என்பது அந்தத் தாயின் எண்ணம்.

2023 மார்ச்சில் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாவது ஆண்டு விழா நடந்தது. தமிழ்நாடு, கேரளம் இரண்டின் முதலமைச்சர்களும் வந்தார்கள். உங்கள் திருவிழாவில் கைதட்டியவர்களில் சிலர் அங்கேயும் தட்டியிருப்பார்கள். இன்னொரு பக்கம், ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் இந்தப் போராட்டம் வருகிற பாடத்தை 2019-இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. எடுத்தே விட்டது. பிள்ளைகளுக்குத் தெரியாது, பெரியவர்களுக்கு ஞாபகம் இல்லை. மேடையில் எதை வேண்டுமானாலும் பேசலாம்.

என் பாட்டி விளவங்கோட்டுக்காரி. காதில் பாம்படம், இடுப்பில் முண்டு, தோளில் ஒரு வெள்ளைத் துணி. ஜம்பர் என்கிற ரவிக்கையை அவள் போட்டு நான் பார்த்ததில்லை. வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க ஆள் வந்த அன்று சித்தி ஓடிப்போய்த் தன் ஜம்பரை எடுத்துவந்து மாட்டிவிட்டாள். இரண்டு கையையும் உடம்பில் படாமல் விரித்து வைத்துக்கொண்டு, வெள்ளரித் தோட்டத்துப் பொம்மை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் பாட்டி. "மூச்சு முட்டுது மக்களே, இத எப்பம் ஊருவிய?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. முகமும் பாம்படமும் தெரிகின்றன. கழுத்துக்குக் கீழே படத்தில் விழவே இல்லை.