அமெரிக்காவில் வேடிக்கைப் பாட்டுகளுக்கென்றே வானொலி நிகழ்ச்சி நடத்திய டாக்டர் டிமென்டோவை ரசிகர்கள் ஏன் இவ்வளவு பாசத்தோடு நினைக்கிறார்கள்?

வேடிக்கைப் பாட்டுகளை அவர் ஒருநாளும் மட்டமாக நினைத்ததில்லை. என் பதில் இதுதான்.

இயற்பெயர் பாரட் ஹான்சன். 1941-இல் மினியாபொலிஸில் பிறந்தவர், நாட்டார் இசையில் முதுகலை படித்தவர். 1970-இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் ஒரு எஃப்எம் நிலையத்தில் பழைய பாட்டுகள் போட ஆரம்பித்தார். கார் விபத்தையும் ரத்தம் ஏற்றுவதையும் வைத்துக் கேலியாகப் பாடிய 1956-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றைப் போட்டபோது, "இதையெல்லாம் போட மூளை பிசகியிருக்கணும்" என்கிற மாதிரி உடன் வேலை பார்த்தவர் ஒருவர் சொன்னாராம். மூளை பிசகியதை ஆங்கிலத்தில் 'டிமென்டட்' என்பார்கள்; டிமென்டோ என்ற பெயர் அப்படி வந்ததுதான். பிறகு லாஸ் ஏஞ்சலஸின் கேமெட் நிலையம், 1974 முதல் நாடு முழுக்கப் பல நிலையங்கள்.

அந்த நாட்களில் வானொலியில் கேட்டவர்கள் சொல்வதைப் படித்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். ஞாயிறு இரவு, மறுநாள் பள்ளிக்கூடம், அப்பா அம்மாவுக்குக் கேட்காதபடி சத்தத்தைக் குறைத்து வைத்த ரேடியோ, பக்கத்தில் கேசட் ரெக்கார்டர். திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பாட்டுகளைப் பாடிக் காட்டி நண்பர்களைப் பிடித்தவர்கள் உண்டு. தன்னைப் போலவே கோணங்கித்தனமாக யோசிக்கிற ஆட்கள் வெளியே நிறைய இருக்கிறார்கள் என்று தெரிந்ததே அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

நான் அந்தத் தலைமுறை இல்லை. 2010-இல் நிகழ்ச்சி வானொலியை விட்டு இணையத்துக்கு வந்த பிறகுதான் கேட்டேன். என்னைக் கட்டிப்போட்டது அவர் பாட்டை அறிமுகப்படுத்துகிற விதம். யார் பாடியது, எந்த வருடம், எந்தக் கம்பெனி இசைத்தட்டு என்று ஒரு சங்கீத ஆராய்ச்சியாளருக்குரிய அக்கறையோடு சொல்வார். வேடிக்கை இசைக்குழு நடத்திய ஸ்பைக் ஜோன்ஸின் 1940-களின் இசைத்தட்டுக்கு அடுத்ததாக, யாரோ ஒருவர் வீட்டில் பதிந்து அனுப்பிய டேப் வரும். இரண்டுக்கும் ஒரே மரியாதை.

அந்த மரியாதையால் வளர்ந்தவர்தான், பிரபலமான பாட்டுகளைக் கேலியாக மாற்றிப் பாடும் வியர்ட் ஆல் யாங்கோவிக். அக்கார்டியன் வாசிக்கும் பள்ளி மாணவனாக, தன் குடும்பத்துக் காரைப் பற்றிப் பாடி டேப்பில் பதிந்து கொடுத்தார். 1976-இல் டிமென்டோ அதை ஒலிபரப்பினார். பதினாறு வயதுப் பையனின் வீட்டு டேப்பை வேறு எந்த வானொலி போட்டிருக்கும்? 1980 செப்டம்பர் 14 அன்று அதே யாங்கோவிக், குயின் குழுவின் பாட்டைப் பஸ் நெரிசல் பாட்டாக மாற்றி, நிகழ்ச்சியில் நேரடியாகப் பாடினார். டிரம்ஸுக்குப் பதிலாக ஜான் ஷ்வார்ட்ஸ், அக்கார்டியனை வைத்து எடுத்துப்போகும் பெட்டியைத் தட்டினார். டிமென்டோ இல்லையென்றால் தனக்கு இந்த வாழ்க்கையே இல்லை என்று யாங்கோவிக் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

நிகழ்ச்சி நேயர் விருப்பத்தில் ஓடியதும் முக்கியம். ரசிகர்கள் அதிகம் கேட்ட ஐந்து பாட்டுகள் கடைசியில் வரிசையாக வரும்; வருட முடிவில் இருபத்தைந்து. பார்ன்ஸ் அண்ட் பார்ன்ஸ் என்ற இருவர் மீன் தலைகளைப் பற்றிப் பாடிய பாட்டுதான் அங்கே அதிகம் கேட்கப்பட்டது! பெரிய கம்பெனிகள் சீண்டாத பாட்டை மக்கள் தாங்களே மேலே தூக்கிவிட்டார்கள். ஹார்வர்டில் கணிதம் படித்த டாம் லேரர் 1950-களில் பாடிய கேலிப் பாட்டுகளை எழுபதுகளின் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததிலும் இந்த நிகழ்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஐம்பத்தைந்து வருடம் நடத்திவிட்டு 2025-இல் ஓய்வு பெற்றார். புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது அந்த 1980 இரவின் பஸ் பாட்டு. அந்த ஒலிப்பதிவே பிறகு இசைத்தட்டாகவும் வந்தது. முதலில் அதைக் கேளுங்கள், அப்புறம் ஸ்பைக் ஜோன்ஸ் பக்கம் போகலாம்.