காசு போடாத அழைப்புக்கும் கூலி

கேள்வி: அமெரிக்காவில் மிஞ்சியிருக்கும் காசுத் தொலைபேசிகளை நடத்துவது யார்? அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

பதில்: பெரிய நிறுவனங்கள் எப்போதோ கைகழுவிவிட்டன. இத்தொழிலிலிருந்து விலகுவதாக ஏடி அண்ட் டி 2007 டிசம்பரில் அறிவித்தது. வெரைசான் தன்னிடம் எஞ்சியவற்றை 2011இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த பசிபிக் டெலிமேனேஜ்மென்ட் சர்வீசஸ் நிறுவனத்துக்கு விற்றது. இத்தகைய தனி நிறுவனங்களுக்குப் பெட்டியில் விழும் கால் டாலர் நாணயங்கள் மட்டுமே வரும்படி அல்ல: 800 எனத் தொடங்கும் இலவச எண்ணை ஒருவர் காசு போடாமல் அழைத்துப் பேசினாலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், அந்த அழைப்பைக் கொண்டுசெல்லும் நிறுவனம் தொலைபேசி உரிமையாளருக்கு 49.4 சென்ட் தர வேண்டும் என்பது கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் விதி. பேசியவருக்கு இலவசம், பெட்டிக்காரருக்கு ஏறக்குறைய அரை டாலர்! எல்லோர் கையிலும் கைபேசி வந்தபின் அந்த ஊற்றும் வறண்டது. நியூயார்க் மாநகராட்சி தனக்குச் சொந்தமான கடைசிப் பெட்டியை டைம்ஸ் சதுக்கத்தருகே 2022 மே 23இல் பெயர்த்தெடுத்தது.