குவில்ட்டின் ஓரத்தில் ஃபிரிலும் பைண்டிங்கும்: எதை முதலில் தைப்பது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "45க்கு 60 அங்குல அளவில் ஒரு குவில்ட்டின் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) மேல்துணி, பேட்டிங் எனும் நடுப்பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைத்து முடித்து, ஓரங்களையும் நேராக வெட்டிவிட்டேன். சுற்றிலும் 3 அங்குல அகலத்தில் ஃபிரில் வைக்க வேண்டும். முன்பக்கத்தில் வேறு நிறத்தில் பைண்டிங்கும் தெரிய வேண்டும். வழக்கம்போல பைண்டிங் பட்டியை முன்பக்கம் தைத்துப் பின்பக்கம் மடித்தால், ஃபிரிலை எங்கே நுழைப்பது என்று புரியவில்லை. எவ்வளவு துணி வாங்க வேண்டும்?"

உங்கள் குழப்பம் நியாயமானது. பைண்டிங் ஓரத்தைச் சுற்றி வளைத்து மூடுவது. சுருக்கம் வைத்த துணிப் பட்டியான ஃபிரில் அதே ஓரத்திலிருந்து வெளியே நீள்வது. முன்னிருந்து பின்னுக்கு ஓரத்தை முழுவதும் சுற்றிவிட்ட பட்டியின் ஊடாக ஃபிரில் வெளியே வர வழியே இல்லை. ஆகவே, இரண்டும் ஒரே ஓரத்தில் இருக்க வேண்டுமானால் பைண்டிங் ஒரு பக்கத்தில் மட்டுமே தெரியும். அது எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், தைக்கும் வரிசை தானாகவே அமைந்துவிடும். ஃபிரில் எந்தப் பக்கத்தில் வைத்துத் தைக்கப்படுகிறதோ, அதற்கு எதிர்ப் பக்கத்தில்தான் பைண்டிங் வந்து படியும். உங்களுக்கு முன்பக்கத்தில் பைண்டிங் தெரிய வேண்டும் என்பதால், ஃபிரிலைக் குவில்ட்டின் பின்பக்கத்தில் வைத்துத் தொடங்க வேண்டும்.

குவில்ட்டைக் கவிழ்த்து விரித்து, சுருக்கிய ஃபிரிலை அதன் மேல் வைத்து, வெட்டிய ஓரங்கள் இரண்டும் ஒன்றாக இருக்குமாறும் ஃபிரிலின் வெளிவிளிம்பு குவில்ட்டின் நடுப்பகுதியை நோக்கி இருக்குமாறும் பொருத்திக்கொள்ளுங்கள். அதன் மேல் இரண்டாக மடித்த பைண்டிங் பட்டியை, வெட்டிய ஓரங்கள் மூன்றும் சேரும்படி வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தைக்க வேண்டும். பிறகு ஃபிரிலை வெளியே திருப்பினால் தையல் ஓரம் முழுவதும் முன்பக்கத்துக்கு மடங்கும். பைண்டிங் அதை மூடிக்கொண்டு குவில்ட்டின் முன்பக்கத்தில் படியும். பின்பக்கத்தில் அடித்துணியும் ஃபிரிலும் நேரடியாகச் சந்திக்கும் சுத்தமான கோடு மட்டுமே தெரியும். ஒற்றைத் துணியில் ஃபிரில் செய்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்: ஃபிரிலின் நல்ல பக்கம், தைக்கும்போது மேல்நோக்கி, உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். நல்ல பக்கங்களை எதிரெதிராக வைத்துத் தைத்த பழக்கத்தில் கை மாற்றி வைத்துவிட்டால், திருப்பிய பின் முன்பக்கத்தில் துணியின் உள்பக்கம்தான் தெரியும். இரண்டாக மடித்த ஃபிரிலில் இந்தத் தொல்லையும் இல்லை, வெளிவிளிம்பை மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை என்பதால், உங்களுக்கு நான் அதையே பரிந்துரைக்கிறேன்.

ஆனால் மடித்த ஃபிரிலுக்குத் துணி மெல்லியதாக இருக்க வேண்டும். இரண்டு மடங்கு சுருக்கம் (ஓரத்தின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு நீளத் துணி) வைத்த மடித்த ஃபிரில், தையல் கோட்டில் சராசரியாக நான்கு அடுக்குத் துணியாகிறது. பைண்டிங் இரண்டு, குவில்ட்டின் மேல்துணியும் அடித்துணியும் இரண்டு என்று மொத்தம் எட்டு அடுக்குகளோடு நடுவில் பேட்டிங்கும் சேர்கிறது. லான், வாயில், மெல்லிய பாப்ளின் போன்ற பருத்தித் துணிகள் இதற்கு ஏற்றவை. கனமான துணிதான் வேண்டுமென்றால், ஒற்றையாக வெட்டி வெளிவிளிம்பை மெல்லியதாக மடித்துத் தைப்பதே நல்லது. இரண்டரை மடங்கு சுருக்கத்தை அதில் நினைக்கவே வேண்டாம்.

துணிக் கணக்குக்கு முன் மூலைகளைத் தீர்மானித்துவிடுவோம். கூர்மையான மூலையிலும் ஃபிரில் வைக்கலாம். ஆனால் ஒரு புள்ளியில் மூன்று நான்கு அங்குலத் துணியைத் திணிப்பதும், அதன் மேல் பைண்டிங்கின் மூலையைச் சரிவாக மடிப்பதும் பழகிய கைகளுக்கே சிரமம். 3 அங்குல ஆரம் வருமாறு ஒரு தட்டை வைத்துக் கோடு வரைந்து நான்கு மூலைகளையும் வளைவாக வெட்டிவிடுங்கள். இப்போது சுற்றளவு 210 அங்குலத்திலிருந்து ஏறக்குறைய 205 ஆகிறது. நேரான பகுதிகள் நீளவாக்கில் 54 அங்குலம், அகலவாக்கில் 39 அங்குலம். ஒவ்வொரு வளைவும் சுமார் 4.7 அங்குலம்.

நேரான பகுதிக்கு இரண்டு மடங்கு போதும் என்பதால் 54க்கு 108, 39க்கு 78 அங்குலம் எடுத்துக்கொள்ளலாம். வளைவின் கணக்கு வேறு. உள்ளே 4.7 அங்குலமாக இருக்கும் வளைவு, 3 அங்குலம் தள்ளி ஃபிரிலின் வெளிவிளிம்பில் 9.4 அங்குலமாக விரிகிறது. அங்கேயும் இரண்டு மடங்கே வைத்தால், வெளிவிளிம்பில் சுருக்கமே மிஞ்சாமல் ஃபிரில் இழுத்துக்கொண்டு கிண்ணம்போல் உள்ளே குவியும். ஆகவே வளைவு ஒவ்வொன்றுக்கும் நான்கு மடங்காக 19 அங்குலம் ஒதுக்குங்கள். எல்லாம் சேர்த்து 448 அங்குலம் வருகிறது. 3 அங்குல ஃபிரிலுக்கு, மடிப்பும் இரு பக்கத் தையல் ஓரமும் சேர்த்துப் பட்டியின் அகலம் 6½ அங்குலம். 42 அங்குலம் பயன்படும் துணியில் 11 பட்டிகள் வெட்ட 71½ அங்குல நீளம் தேவை. துவைத்தால் சுருங்குவதையும் கணக்கில் கொண்டு 2 மீட்டர் வாங்கினால் போதும். ஃபிரில் துணியையும் பைண்டிங் துணியையும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்து உலர்த்திவிடுங்கள். அடர்ந்த நிறமாக இருந்தால் சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பைண்டிங் பட்டியில் ஒரு மாற்றம் தேவை. வழக்கமாக 2½ அங்குலத்தில் வெட்டும் பட்டி ஓரத்தைச் சுற்றிப் பின்பக்கமும் போக வேண்டும். இங்கே அது முன்பக்கத்தில் மட்டும் படிவதால், அதே அகலத்தில் வெட்டினால் ஏறக்குறைய ஓர் அங்குலப் பட்டை தெரிந்து கனமாக இருக்கும். 2 அங்குலத்தில் வெட்டி மடித்தால், தையலுக்கும் திருப்பத்தின் தடிமனுக்கும் போக அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். கண்ணுக்கு அதுவே அளவாக இருக்கும். மூலைகள் வளைவாக இருப்பதால் இந்தப் பட்டி கிராஸாக (துணியின் நூலுக்குச் சாய்வாக) வெட்டியதாக இருக்க வேண்டும். நேர் நூலில் வெட்டிய பட்டி வளைவில் முறுக்கிக்கொள்ளும். 24 அங்குலச் சதுரத் துணி ஒன்றிலிருந்து தேவையான 215 அங்குலக் கிராஸ் பட்டி தாராளமாகக் கிடைக்கும்.

ஃபிரில் பட்டிகளை இணைத்து, இணைப்புகளை விரித்து இஸ்திரி போட்டு, 448 அங்குல வளையமாக மூடியபின் நீளவாக்கில் மடித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 108, 19, 78, 19 என்று வரிசையாக அடையாளமிட்டு, அதே வரிசையை மறுபடியும் இட்டால் வளையம் முடியும். குவில்ட்டிலும் ஒவ்வொரு வளைவின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து வையுங்கள். சுருக்குவதற்குத் தையல் நீளத்தை 4 அல்லது 5 மில்லிமீட்டராக்கி, மேல்நூலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, ஓரத்திலிருந்து ⅛ அங்குலத்தில் ஒன்றும் ⅜ அங்குலத்தில் ஒன்றுமாக இரண்டு வரிசை தையுங்கள். அடையாளத்துக்கு அடையாளம் நூலை அறுத்துப் புதிதாகத் தொடங்குவது முக்கியம். வளையம் முழுவதையும் ஒரே நூலில் சுருக்க நினைத்தால், கடைசி இழுப்பில் அறுந்து எல்லாவற்றையும் மறுபடியும் தைக்க வேண்டியிருக்கும். 108 அங்குலப் பகுதியை இரண்டாகப் பிரித்துக்கொள்வதும் நல்லது. பாபின் நூல்கள் இரண்டையும் சேர்த்து இழுத்துச் சுருக்கை ஒரே சீராகப் பரப்பிய பிறகு, தையல் ஓரத்தை மட்டும் இஸ்திரிப் பெட்டியின் முனையால் அழுத்திவிடுங்கள். அதற்கு மேல் சூடு பட்டால் ஃபிரிலின் துள்ளல் போய்விடும்.

குவில்ட்டின் மூன்று அடுக்குகளும் நகராதிருக்க முதலில் ஓரத்திலிருந்து ⅛ அங்குலத்தில் ஒரு தையல் ஓட்டுங்கள். பிறகு ஃபிரிலைக் குண்டூசியிட்டு, சுருக்குகள் கண்ணுக்குத் தெரியுமாறு மேலே வைத்து, தற்காலிகமாகத் தைத்துக்கொள்ளுங்கள். பைண்டிங்கோடு சேர்த்து ஒரே தையலில் முடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் பட்டிக்கு அடியில் சுருக்குகள் எப்படி மடிகின்றன என்பது தெரியாது. அங்கங்கே குவிந்து போவது இதனால்தான். வளைவுகளில் ஃபிரிலின் வெளிவிளிம்பு உள்ளே குவிந்து கிடப்பதால், அதன் ஒரு மடிப்பு தையலில் மாட்டிக்கொள்வது மிக எளிது. அந்த இடங்களில் வெளிவிளிம்பையும் குவில்ட்டோடு சேர்த்து ஊசியிட்டுப் படுக்க வைத்துவிடுங்கள்.

அடுத்து, பைண்டிங்கின் தொடக்கம் ஏதாவது ஒரு நேரான பக்கத்தின் நடுவில் வருமாறு வைத்து, வாக்கிங் ஃபுட்டும் (மேல், கீழ் அடுக்குகளைச் சேர்ந்தே நகர்த்தும் மெஷின் பாதம்) 90/14 ஊசியும் பொருத்தி, 3 மில்லிமீட்டர் நீளத்தில் நிதானமாகத் தையுங்கள். இந்தத் தையல் தற்காலிகத் தையலுக்கு நூலிழை அளவு உள்ளே விழுந்தால், திருப்பிய பின் அது வெளியே தெரியாது. ⅜ அங்குலத்தில் இருக்கும் சுருக்கு நூல் மட்டும் வெளியே தெரியும், அதை உருவிவிடலாம். வளைவுகளில் பட்டியை இழுத்துப் பிடிக்காதீர்கள்.

இனித்தான் பலரும் தவறவிடும் வேலை. இந்த முறையில் குவில்ட்டின் ஓரமே பேட்டிங்கோடு முன்பக்கம் மடங்குவதால், அப்படியே விட்டால் பைண்டிங் உருண்டையாகப் புடைத்து நிற்கும். தையலுக்கு வெளியே உள்ள கால் அங்குலத்தில் குவில்டிங் நூல்களையும், முதலில் ஓட்டிய ⅛ அங்குலத் தையலையும் பிரித்து, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவிலிருந்து பேட்டிங்கை மட்டும் தையலை ஒட்டிக் கத்தரித்து எடுங்கள். பைண்டிங் தையல் எல்லாவற்றையும் பிடித்திருப்பதால், அதற்கு வெளியே நூலைப் பிரிப்பதால் குவில்டிங் அவிழாது. அதன் பிறகும் பட்டி அழகாகப் படியாத அளவுக்குத் தடித்த பேட்டிங் என்றால், வேறு வழியை நாட வேண்டும்: குவில்ட்டுக்கு வழக்கம்போல முழுப் பைண்டிங் போட்டு முடித்து, சுருக்கிய ஓரத்தை ஒரு மெல்லிய பட்டியால் மூடிய ஃபிரிலைத் தனியாகத் தயாரித்து, பைண்டிங்கின் பின்பக்கத்தில் ⅜ அங்குலம் உள்ளே செல்லுமாறு வைத்து, முன்பக்கத்தில் பைண்டிங்கும் குவில்ட்டும் சந்திக்கும் பள்ளத்தில் தைத்துவிடலாம். ஏற்கெனவே பைண்டிங் போட்ட குவில்ட்டுக்கும் இதே முறைதான் பொருந்தும்.

பேட்டிங்கை நீக்கியபின் ஃபிரிலை வெளியே திருப்பி, பைண்டிங்கை முன்பக்கம் கொண்டு வந்து ஊசியிடுங்கள். வளைவுகளில் அதன் மடித்த விளிம்பு சற்றுத் தளர்ந்து நெளியும். ஆவி இஸ்திரியை மேலே பிடித்து, விரலால் தட்டினால் கிராஸ் துணி சுருங்கிப் படிந்துவிடும். கையால் ஹெம்மிங் செய்வதானால் மேல்துணியையும் பேட்டிங்கையும் மட்டும் ஊசி எடுக்கட்டும். பின்பக்கத்தில் எதுவும் தெரியாது. மெஷினில் தைப்பதானால் விளிம்பை ஒட்டித் தைக்கும் கோடு அடித்துணியிலும் விழும் என்பதால், பாபினில் அடித்துணியின் நிறத்திலேயே நூல் போட்டுக்கொள்ளுங்கள்.