சார்த்ர் பேராலயத்தின் லேபிரிந்த்: எப்படி நடந்து செபிப்பது?

கேள்வி: ஜூன் மாதம் பாரிஸில் இருக்கும் மகளிடம் போகிறேன். பக்கத்து ஊரான சார்த்ரில், பேராலயத் தரையில் ‘லேபிரிந்த்’ என்று வளைந்து வளைந்து போகும் பாதை இருக்கிறதாம். அதில் நடந்தபடி செபிக்கலாம் என்கிறாள். படத்தில் பார்த்தால் சக்கரவியூகம் போல இருக்கிறது. உள்ளே போய் மாட்டிக்கொள்ள மாட்டேனா? இது உண்மையில் கத்தோலிக்கச் செபம்தானா? முழங்கால் வலி வேறு இருக்கிறது.

பதில்: முதலில் கிழமையைப் பாருங்கள், வெள்ளிக்கிழமையாகப் போங்கள். மற்ற நாள்களில் அந்தப் பாதையின் மேல் பூசைக்கான நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும். ஆசையாகப் போய், நாற்காலிக் கால்களுக்கு நடுவே நாலு கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. தவக்காலம் தொடங்கி நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழா வரை, வெள்ளிக்கிழமைகளில் அவற்றை எடுத்துவிடுவது வழக்கம். விசேஷம் ஏதாவது வந்தால் அதுவும் மாறும் என்பதால், கிளம்பும் முன் பேராலய இணையதளத்தை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பாரிஸின் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம்.

மாட்டிக்கொள்ள வழியே இல்லை. நுழைவது முதல் நடுவரை ஒரே பாதைதான். கிளை பிரியாது, முட்டுச்சந்து வராது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்த தரை இது. குறுக்களவு ஏறத்தாழ 13 மீட்டர், அதற்குள் 11 சுற்று, முழு நீளம் சுமார் 260 மீட்டர். நடக்கும் பாதை வெளிர்நிறக் கல், அதைப் பிரிக்கும் கோடு கருங்கோடு. பாதையின் அகலம் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். எதிரே யாராவது வந்தால் ஒருவர் கோட்டைத் தாண்டி ஒதுங்கி, பிறகு தன் தடத்துக்கே திரும்ப வேண்டும்.

பாதை போகும் விதம்தான் விசேஷம். நுழைந்து சில திருப்பங்களிலேயே நடுவட்டத்தை ஒட்டிய சுற்றுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ஆறு இதழ் கொண்ட அந்த நடுப்பகுதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வந்துவிட்டோம் என்று நினைக்கும்போதே மறுபடி வெளியே தள்ளும். பாதையின் பிற்பகுதியில் விளிம்புக்கே, நடுவிலிருந்து ஆகத் தொலைவான சுற்றுக்கே போய்விடுவோம். இனி எங்கே என்று சலித்துப்போகும் இடத்திலிருந்து நாலைந்து திருப்பம், நடுவில் நிற்போம். செபம் செய்து பழகியவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

எந்தச் செபம் சொல்வது? இதற்கென்று வகுத்த வாய்பாடு இல்லை. சிலுவைப்பாதைக்கு இருப்பதுபோல் தலங்களும் இல்லை. போகும்போது ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்பதை மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டு போங்கள், போதும். நடுவில் பேசாமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வந்த வழியே திரும்பும்போது யாருக்காகவாவது மன்றாடுங்கள். செபமாலை சொன்னாலும் சரி, ஆனால் மணியை எண்ணுவதும் காலடியைப் பார்ப்பதும் சேர்ந்தால் சிலருக்குக் கவனம் சிதறும். மெதுவாக நடந்தால் போய்வர அரை மணி நேரத்துக்குமேல் ஆகும். போனில் படம் எடுப்பதை முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கச் செபம்தானா என்றால், தரை பழையது, நீங்கள் கேட்கும் செபமுறை புதியது. லேபிரிந்த் என்பதே கிறிஸ்தவத்துக்கும் முந்தியது. அல்ஜீரியாவில் 324ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கோவில் தரையிலேயே, நடுவில் ‘புனிதத் திருச்சபை’ என்ற லத்தீன் எழுத்துகளோடு ஒரு லேபிரிந்த் இருந்தது. பிரான்சின் ஓசேர் பேராலயத்தில் உயிர்ப்புப் பெருவிழா அன்று குருக்கள் அங்கிருந்த லேபிரிந்தின்மேல் பந்தை வீசிப் பிடித்து ஆடிப் பாடியதற்கு ஆவணம் உண்டு. எருசலேமுக்குப் போக முடியாதவர்கள் இதில் முழங்காலிலேயே நடந்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இடைக்காலத்திலிருந்து அதற்குச் சான்று கிடையாது. இன்றைய பழக்கம் பரவக் காரணமானவர் லாரன் ஆர்ட்ரெஸ் என்ற எபிஸ்கோப்பல் சபைக் (அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபை) குரு. 1991இல் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் தொடங்கினார். ‘ஆற்றல்’, ‘அதிர்வு’ என்று இதைச் சுற்றிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதையெல்லாம் விட்டுவிடுங்கள். நடந்துகொண்டே செபிப்பதில் தவறே இல்லை, திருயாத்திரை போகிறவர்கள் காலங்காலமாகச் செய்வதுதானே.

முழங்காலைப் பொறுத்தவரை தூரம் சிக்கல் இல்லை, திருப்பம்தான் சிக்கல். அரைவட்டமாகத் திரும்பும் இடங்கள் நிறைய. ஒற்றைக் காலில் ஊன்றித் திரும்பாமல் இரண்டு மூன்று சின்ன எட்டாகத் திரும்புங்கள். ரப்பர் அடியுள்ள செருப்போ ஷூவோ நல்லது, கைத்தடி இருந்தால் எடுத்துப் போங்கள். வலித்தால் கோடுகளைக் குறுக்கே தாண்டி வெளியே வந்துவிடலாம், அதனால் செபம் பாதியில் நின்றதாக ஆகாது.

நடக்கவே முடியாத நாளில் விரலால் நடக்கலாம். இத்தாலியின் லூக்கா பேராலய முகப்பில் இதே வடிவத்தைச் சின்னதாகச் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சார்த்ர் படத்தை ஒரு தாள் முழுக்க வருமாறு அச்செடுத்து, ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே இடக்கை விரலால் ஓரிரு முறை போய்ப் பாருங்கள். பாதை பழகிவிட்டால் அங்கே தரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்காது.