அந்தக் கடிதம் வேண்டாம்

மகளின் பேச்சுப் போட்டிக்கு, லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. நம்மூர்ப் பள்ளிச் சுவர்களில் தொங்குகிறதே தவிர, அவருடைய எழுத்துத் தொகுப்பில் அப்படியொரு கடிதமே இல்லை.

பதிலுக்கு, லிங்கனின் மரணத்தைப் பற்றி அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் எழுதிய ‘ஓ கேப்டன்! மை கேப்டன்!’ கவிதையை எடுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1865 ஏப்ரல் 9-இல் தெற்கின் தளபதி லீ லிங்கனின் வடக்குப் படையிடம் சரணடைந்தார். 14-ஆம் தேதி இரவு நாடக அரங்கில் லிங்கன் சுடப்பட்டார். கவிதையிலும் அப்படித்தான்: கப்பல் கரை சேர்கிறது, மணியோசை, மாலைகளோடு கூட்டம், தளத்திலோ கேப்டன் உயிரற்றுக் கிடக்கிறார். நடித்துப் பேச வாகான காட்சி.

நேரமிருந்தால் வாஷிங்டன் நகரின் லிங்கன் நினைவகத்தில் உள்ள அவரது சிலையையும் சொல்லலாம். இடக்கை முறுக்கிய முஷ்டி, வலக்கை தளர்ந்த விரல்கள். அது சைகை மொழி என்ற கதையை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், அதற்கும் ஆதாரமில்லை.