மணப்பாறைக்குப் போன கார்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள், வயது 67. உங்கள் தளத்தை மகன் வாங்கித் தந்த ஐபேடில்தான் படிக்கிறேன். போன மாதம் என் அக்காவுக்கு ஒரு மெயில் எழுதினேன். பெண்ணின் மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் மனக்குறை, அதைக் கொட்டியிருந்தேன். மேலே முகவரிக் கட்டத்தில் ஆர், ஏ என்று இரண்டெழுத்து அடித்ததுமே பெயர் வந்தது, தொட்டேன், அனுப்பிவிட்டேன். அது சம்பந்தியம்மாவுக்கே போய்விட்டது. இருவர் பெயருக்கும் தொடக்கம் ஒன்று. அந்தப் பெயரை ஐபேடில் நீக்கிவிட்டேன், ஆனால் லேப்டாப்பில் ஜிமெயிலைத் திறந்தால் இன்னும் வந்து நிற்கிறது. கோபத்தில் அந்த மெயிலை ஐபேடில் அழித்தேன், லேப்டாப்பிலும் காணோம். அது மட்டும் எப்படி இரண்டிலும் போனது? பேசாமல் புது மெயில் ஐடி தொடங்கிவிடலாமா? நீங்கள் கம்ப்யூட்டர்காரர் இல்லை என்று தெரியும், இருந்தாலும் கேட்கத் தோன்றியது.

ஒரு வாசகி, கரூர்

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் நானும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தேன். ஒரு பதிப்பாளருக்குப் போக வேண்டிய கணக்கு விவரம், நான் 4 வருஷத்துக்கு முன் குடியிருந்த வீட்டு ஓனருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் நல்ல மனுஷர். 'தவறி வந்திருக்கிறது' என்று பதில் போட்டார், காலி செய்தபோது பெயிண்ட் அடித்ததில் ஒரு பாக்கி இருப்பதையும் கூடவே நினைவூட்டினார்.

சரி, முதலில் உங்கள் கணக்கு. ஊர்ப் பொதுத் தொட்டியையும் வீட்டுக் குடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெயில் எல்லாம் எங்கோ இருக்கும் சர்வர் என்ற தொட்டியில் கிடக்கிறது. ஐபேடும் லேப்டாப்பும் அதிலிருந்து வரும் இரண்டு குழாய். ஐமேப் என்று இந்த முறைக்குப் பெயர், 1986இலேயே யோசித்து வைத்துவிட்டார்கள். ஆகவே ஒரு குழாயடியில் நின்று அழித்தாலும் அழிவது தொட்டியில்தான், மற்றக் குழாயிலும் வராது. (முன்பு பாப் என்ற முறையில் மெயில் கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும், சர்வரில் பிரதி வை என்று சொல்லாவிட்டால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. அதற்கு இது எவ்வளவோ தேவலை.) அழித்தது ஜிமெயிலின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். அங்கே இல்லையென்றால் ‘ஆல் மெயில்’ என்ற இடத்தில் பாருங்கள், ஐபேடில் ஓரமாகத் தள்ளும்போது பல நேரம் அழிவதற்குப் பதில் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் இரண்டெழுத்து அடித்ததும் எட்டிப் பார்க்கிறதே, அந்தப் பெயர்ப் பட்டியல் குடத்துத் தண்ணீர். ஐபேடின் மெயில் ஆப் தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது, ஜிமெயில் தனக்கென்று ஒன்று. நீங்கள் ஒரு குடத்தைக் கவிழ்த்துவிட்டு இன்னொன்று ஏன் காலியாகவில்லை என்று கேட்கிறீர்கள். லேப்டாப்பில் கூகுள் கான்டாக்ட்ஸைத் திறந்து ‘அதர் கான்டாக்ட்ஸ்’ என்ற பகுதிக்குப் போங்கள். நீங்கள் ஒரே ஒரு தடவை மெயில் போட்ட கேஸ் ஏஜென்சி வரை அத்தனை பேரும் அங்கே வரிசையாக நிற்பார்கள். வேண்டாதவரை அங்கே நீக்குங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் ‘ஐ வில் ஆட் கான்டாக்ட்ஸ் மைசெல்ஃப்’ என்பதைத் தேர்ந்தால் இனிமேல் தானாகச் சேர்க்காது. முடிந்தது.

இனி என் கணக்கு. 45 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ‘ரா’ என்று பாதியில் நிறுத்திக் கூப்பிட்டால் எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள்? முதலில் எழுந்தவன் கையில் அடுத்தவனுடைய விடைத்தாளைக் கொடுத்து அனுப்புவீர்களா? உங்களிடம் ஒரு பையன் கடைசி வரியைச் சரிபார்க்காமல் தாளை நீட்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு கணக்கு டீச்சரிடம் முட்டி போட்டவன்தான். மெஷின் பெயரைத்தான் நீட்டும், முழு முகவரியை எப்போதும் காட்டாது. அந்தப் பெயரைத் தொட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும். தொட்டுப் பார்க்க 2 விநாடி ஆகுமா? அனுப்பிய பிறகும் ‘அன்டூ’ என்று ஒன்று கொஞ்ச நேரம் தெரியும், அதைத் தொட்டால் மெயில் போகாமல் திரும்பிவிடும், ஜிமெயில் செட்டிங்ஸில் அந்த நேரத்தை 30 விநாடி வரை நீட்டிக்கொள்ளலாம். மகனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவனிடம் ஏன் கேட்கவில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. என்ன மெயில் என்று கேட்பான்.

ரொம்பவும் நொந்துகொள்ள வேண்டாம். 2014 நவம்பரில் பிரிஸ்பேனில் ஜி20 மாநாடு நடந்ததல்லவா, அதற்கு முன் ஆஸ்திரேலியக் குடியேற்றத் துறையில் ஓர் ஊழியர் 31 உலகத் தலைவர்களின் பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், விசா விவரம் எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பினார். ஒபாமா, புதின், மெர்க்கல், நம் மோடி எல்லாரும் அதில் உண்டு. அது போய்ச் சேர்ந்தது ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடத்துகிறவர்களிடம். காரணம் உங்களுடையதேதான். அவுட்லுக் என்ற மெயில் ஆப் நீட்டிய பெயரை அவர் சரிபார்க்கவில்லை. பத்திரிகையில் விஷயம் வெளியே வந்தது 2015 மார்ச்சில். அங்கே போன மானத்தோடு ஒப்பிட்டால் சம்பந்தியம்மா விவகாரம் கைக்குள் அடங்குவது.

என் அப்பா ரயில்வே மெயில் சர்வீஸில் சார்ட்டர். ராத்திரி ரயிலில் ஆடிக்கொண்டே நின்று, அறை அறையாகத் தடுத்த மர அடுக்கில் கடிதம் கடிதமாகப் போடுகிற வேலை. வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட உறையின் கடைசி வரியிலிருந்துதான் மேலே படித்துக்கொண்டு போவார். யார் பெயருக்கு வந்திருக்கிறது என்பது அவருக்கு ஆகக் கடைசியில்தான் தெரியும். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

1975இல் தம்பிக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் அப்போது மணப்பாட்டில் வாத்தியார். திருச்செந்தூர்ப் பக்கம், கடலோரம். அவருக்குக் கார்டு எழுதும் வேலை எனக்கு, வயது 11. எங்கள் பாட்டி வீடு மணப்பாறை. பாட்டிக்கு மாதம் ஒரு கார்டு எழுதி எழுதிப் பழகிய கை, ‘மணப்பா’ வரை சரியாக வந்து, பிறகு தன் வழியில் ‘றை’ என்று போட்டுவிட்டது. பின்கோடு வந்து 3 வருஷம் ஆகியிருந்தது, அப்பாவைத் தவிர வீட்டில் யாரும் எழுத மாட்டோம். எழுதியிருந்தால் ஒன்று 621, மற்றது 628, யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும்.

காதுகுத்து அன்று மடி கொடுக்க மாமா இல்லை. ஆசாரி பந்தலில் உட்கார்ந்து மூன்றாவது காபி குடித்தார். அம்மா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். கடைசியில் ஒன்றுவிட்ட மாமா ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துக் காதைக் குத்தினார்கள், தம்பி அழுததைவிட அம்மா அதிகம் அழுதாள். நாலு நாள் கழித்து என் கார்டு திரும்பி வந்தது. ‘இப்பெயரில் எவரும் இல்லை’ என்று சிவப்புப் பென்சிலில் எழுதியிருந்தது. அப்பா அடிக்கவில்லை. கார்டை என் முன்னால் வைத்து, ஊர்ப் பெயரின் கடைசி எழுத்தில் விரலை ஊன்றி, “தலையைப் பாத்து எழுதியிருக்கே. வால் என்ன சொல்லுதுன்னு பாக்கலை” என்றார்.

அதனால்தான் சொல்கிறேன், பட்டியலைத் துடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஜிமெயிலில் நிறுத்தி வைத்தாலும், ஐபேடில் துடைத்த பட்டியல் மறுபடி நிரம்பும். முகவரியை வாலிலிருந்து படியுங்கள், அட் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில், அப்புறம் முன்னால் இருப்பது. நான் இத்தனை வருஷமும் அப்படித்தான் பார்க்கிறேன். வீட்டு ஓனர் விஷயத்தில் பார்க்கவில்லை, அப்பா இருந்திருந்தால் விரல் வந்திருக்கும்.

அடுத்த மாதமே அம்மா பஸ் ஏறி மணப்பாட்டுக்குப் போனாள். மாமா திண்ணையை விட்டு எழவில்லையாம், “ஒரு கார்டு போட முடியலையா உங்களுக்கு” என்றாராம். அம்மா பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்து நீட்டினாள். என் கோணல் எழுத்தையும் சிவப்புப் பென்சிலையும் பார்த்துவிட்டு மாமா, “மாப்பிள்ளைக்கு இன்னும் ஊரே தெரியலை” என்று சிரித்தாராம். தம்பிக்கு ஒரு ஜோடிக் கடுக்கன் வந்தது.

உங்களுக்குத்தான் காட்டுவதற்குக் கார்டு இல்லை. மெயிலில் முகவரியே இல்லாவிட்டால்தான் திரும்பி வரும், தப்பான ஆளாக இருந்தால் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும், அவரும் படித்துவிடுவார். எழுதியது நீங்கள் நினைத்ததுதானே, அதற்கு நான் உங்களைத் திட்ட மாட்டேன். ஆனால் ஒரு மாதமாக அவரிடம் பேசாமல் என்னிடம் ஐபேட் சந்தேகம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்குத் திட்டலாம்.

புது மெயில் ஐடி வேண்டாம். சம்பந்தி வீடு எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த ஊரானாலும் கரூரிலிருந்து பஸ் இருக்கும். மன்னிப்பு மெயில் எதுவும் போட்டுத் தொலைக்காதீர்கள், நேரில் போங்கள்.