கயாக் ஹேட்ச்ல தண்ணி வருதா? ஃபோம விடுங்க, சாக்பீஸ் எடுங்க

டொரொன்டோலேர்ந்து ஒருத்தர் கேட்டிருக்கார்: 4 மிமீ மரைன் ப்ளைவுட்ல நானே கயாக் (ஒல்லியான துடுப்புப் படகு) கட்டி ஒன்ராறியோ ஏரில ஓட்டுறேன், டெக்குல (படகோட மேல்பலகை) வெட்டின துண்டுதான் மூடி, உள்ள லிப் (மூடி உக்கார்ற விளிம்பு), அது மேல ஃபோம், ரெண்டு ஸ்ட்ராப். ஒவ்வொரு தடவையும் பின் ஹேட்ச்ல (சாமான் வைக்கிற அறை) ஒரு லிட்டர் தண்ணி நிக்குது, ஃபோம் ரெண்டு தடவ மாத்தியாச்சு, என்ன பண்றது?

மூணாவது ஃபோம் வாங்காதீங்க. மொதல்ல தண்ணி மூடி வழியாத்தான் வருதான்னு பாருங்க. காக்பிட்ல (நீங்க உக்கார்ற குழி) ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி பின்பக்கம் சாய்ச்சு பத்து நிமிஷம் விடுங்க, ஹேட்ச் உள்ள ஈரம் தெரிஞ்சா கோளாறு பல்க்ஹெட் (காக்பிட்டுக்கும் ஹேட்ச்சுக்கும் நடுவுல இருக்கிற தடுப்புப் பலகை) ஓரத்துல, எபாக்ஸிய வச்சு அத மூடுங்க.

அங்க காஞ்சு இருந்தா சாக்பீஸ எடுத்து ஃபோம் மேல நல்லா தேச்சு, மூடிய வச்சு ஸ்ட்ராப்ப இறுக்கித் திறந்து பாருங்க. மூடி அடில வெள்ளக் கோடு ஒரே சீரா ஓடணும், ஆனா உங்களுக்கு ரெண்டு ஸ்ட்ராப்புக்கு நடுவுல ஒரு சாண் தூரம் கோடே இருக்காதுன்னு நெனக்கிறேன், ஏன்னா டெக்க வளைச்சு ஒட்டுறோம், அதுலேர்ந்து வெட்டி எடுத்த துண்டு விட்டா போதும்னு கொஞ்சம் நிமிந்துக்கும். மூடிக்கு அடில டெக் வளைவுக்கே செதுக்கின ரெண்டு மரச்சட்டம் ஒட்டுங்க, நடுவுல மூணாவது ஸ்ட்ராப் போடுங்க. டெக் தட்டையா இருந்தா ஸ்ட்ராப் ஓரத்த மட்டுந்தான் அமுக்கும், நடுவுல அதுக்கடில ஒரு சின்ன மரக்கட்டய சொருகினா அங்கயும் அமுங்கும்.

ஃபோம் விரல்ல பிழிஞ்சா தண்ணி விடுற ஸ்பாஞ்சா இருக்கக் கூடாது (ஜன்னலுக்கு ஒட்டுறத வாங்கிப் போட்டு நானும் ஒரு ராத்திரி நனஞ்ச ஸ்லீப்பிங் பேக்ல படுத்திருக்கேன்), க்ளோஸ்ட் செல் (தண்ணி உறிஞ்சாத) ஈபிடிஎம் ரப்பர் ஃபோம்தான் வேணும், 10 மிமீ ஃபோம் மூடினதும் 6, 7 மிமீக்கு அமுங்கணும். ஜாயின்ட் ஒண்ணே ஒண்ணு, சாய்வா வெட்டி ஒட்டுங்க, அது மூடியோட பின்பக்கம் வரட்டும். சிலிகான வழிய விட்டு அச்சு மாதிரி கேஸ்கெட் பண்றவங்களும் உண்டு, அருமையா உக்காரும், ஆனா வார்னிஷ் எல்லாம் முடிச்ச பிறகுதான், சிலிகான் பட்ட எடத்துல அப்புறம் எதுவும் ஒட்டாது.

இன்னொண்ணு, இத யாரும் யோசிக்கிறதில்ல. கரைல வெயில்ல கெடந்து ஹேட்ச் உள்ள காத்து 35 டிகிரிக்கு ஏறியிருக்கும், ஜூன்ல அந்த ஏரித்தண்ணி 10 டிகிரிதான், எறக்கினதும் காத்து சுருங்கும், கணக்குப் போட்டா எட்டு சதவீதம் கிட்ட. அதாவது 80 செ.மீ. ஆழத் தண்ணியோட அழுத்தம் மூடிய வெளிலேர்ந்து தள்ளுது, எந்த ஃபோமும் திணறும். பல்க்ஹெட்ல டெக்க ஒட்டின மாதிரி மேல 1 மிமீ ட்ரில்ல ஒரே ஒரு ஓட்ட போட்டு, உள் ஓரத்து மரத்துல தண்ணி ஊறாம இருக்க எபாக்ஸி தடவுங்க, ஆனா ஓட்ட அடைபடக் கூடாது, காத்து காக்பிட்லேர்ந்து வந்துக்கும். காக்பிட்ல தண்ணி நெறஞ்சாலும் அது வழியா சொட்டு சொட்டாத்தான் வரும், பயப்படாதீங்க.